6 மி.மீ. 6061-டி6 அலுமினிய பட் ஜாயின்ட் (விளிம்போடு விளிம்பு): மேலே பளபளப்பு, ரூட்டில் (வெல்டின் அடியில்) பிளவு. ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்கில் டூலை மாற்றவா, அளவுகளை மாற்றவா?

#1 தகடு6

வணக்கம். அரைகுறையாகக் கேட்டால் அரைகுறையாகத்தான் பதில் வரும் என்பதால் எல்லா அளவையும் போட்டுவிடுகிறேன். புதியவர்களுக்கு: இந்த முறையில் சுற்றும் டூலின் பின் (pin) என்ற முளை ஜாயின்ட்டுக்குள் இறங்கும், அதற்கு மேலுள்ள அகன்ற ஷோல்டர் தகட்டைத் தேய்க்கும்; உருகாமல் இளகும் உலோகம் கலந்து ஒட்டிக்கொள்ளும்.

தகடு 6061-டி6, 6 மி.மீ. கனம், வெல்டின் நீளம் 400 மி.மீ. வெர்டிகல் மெஷினிங் சென்டர். பொசிஷன் கன்ட்ரோல் மட்டும்தான், விசை அளக்க எதுவும் இல்லை. அடியில் மைல்டு ஸ்டீல் பேக்கிங் பிளேட்.

டூல் ஹெச்13 எஃகு, கடினம் 48 ஹெச்.ஆர்.சி. ஷோல்டர் விட்டம் 18, உள்குழிவு 6 டிகிரி. பின் டேப்பர்: மேலே 6, நுனியில் 4, நுனி தட்டை. 1 மி.மீ. பிட்ச் இடப்புரி மரை. பின் நீளம் 5.70. டில்ட் (டூலின் சாய்வு) 2.5 டிகிரி.

1000 ஆர்.பி.எம்., நிமிடத்துக்கு 200 மி.மீ., ட்வெல் (நகருமுன் ஓரிடத்திலேயே சுற்றுவது) 8 வினாடி. ஷோல்டரின் ஹீல் (சாய்வால் தாழ்ந்திருக்கும் பின்பக்க விளிம்பு) தகட்டைத் தொடும் இடம் இசட் பூஜ்யம், அங்கிருந்து 0.2 கீழே.

மேற்பரப்பு அருமையாக இருக்கிறது. ஃபேஸ் பெண்ட் (மேல்முகம் விரியும்படி வளைக்கும் சோதனை) பாஸ். ரூட் பெண்டில் (அடிமுகம் விரியும்படி வளைத்தால்) ஜாயின்ட் கோட்டோடு நேராகத் திறந்துகொள்கிறது. வேகத்தை 400 ஆக்கினால் மேக்ரோவில் (குறுக்கே வெட்டித் தேய்த்துப் பார்க்கும் துண்டில்) ஒரு பக்கமாக அரை மி.மீ. அளவுக்கு ஓட்டை தெரிகிறது. இன்னும் 0.1 இறக்கினால் வெல்டின் கடைசிப் பகுதியில் பிளாஷ் (ஓரத்தில் பிதுங்கும் உலோகம்) சுருள் சுருளாக எழும்புகிறது. பின்னின் வடிவத்தை மாற்ற வேண்டுமா?

#2 ஸ்பிண்டில்சாமி

சூடு பத்தலை. 1400 ஆர்.பி.எம். வச்சுப் பாருங்க, ரூட் வரைக்கும் இளகிடும்.

#3 இடப்புரி

ஆர்.பி.எம்.மை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஷோல்டர்தான் பெரும்பங்கு சூட்டைத் தருகிறது, அது மேலே இருக்கிறது. பின் போய்ச் சேராத இடத்தை மேலேயிருந்து வரும் சூடு கலக்கிவிடாது. ரூட் நேர்க்கோடாகத் திறந்தால் முதல் சந்தேகம் பின் எட்டவில்லை என்பதுதான்.

முதலில் ஒன்று சொல்லுங்கள்: அந்த 5.70-ஐ எங்கிருந்து அளந்தீர்கள்? ஷோல்டர் விளிம்பிலிருந்தா, பின் முளைக்கும் குழியிலிருந்தா? 6 டிகிரி குழிவில் விளிம்பின் ஆரம் 9, பின்னின் ஆரம் 3. இடையில் 6 மி.மீ. அந்த 6 மி.மீ.க்குள் 0.63 மி.மீ. ஆழம் ஒளிந்திருக்கிறது. டெப்த் மைக்ரோமீட்டரைக் குழிக்குள் விட்டு 5.70 என்று படித்திருந்தால், விளிம்புக்குக் கீழே நிஜமாக நீட்டிக்கொண்டிருப்பது 5.07 மட்டும்தான். டிராயிங்கில் பின் நீளம் என்று ஒரே வார்த்தை போட்டுவிட்டு எந்தத் தளத்திலிருந்து என்று சொல்லாமல் விடுவது இந்த வேலையின் பழைய வியாதி.

#4 தகடு6

சர்ஃபேஸ் பிளேட்டில் இரண்டு பேரலல் வைத்து, ஷோல்டர் விளிம்பை அதன்மேல் உட்காரவைத்து ஹைட் கேஜில் எடுத்தேன் சார். விளிம்புத் தளத்திலிருந்துதான் 5.70. குழியிலிருந்து இல்லை.

#5 இடப்புரி

நல்லது, அப்படியானால் கணக்கு நேராகப் போகும். ஒரு தாளில் டூலைப் பக்கவாட்டில் வரைந்துகொண்டு இதைப் படியுங்கள்.

2.5 டிகிரியின் சைன் 0.0436. ஷோல்டர் ஆரம் 9. ஆகவே ஹீல், டூலின் மையத்தைவிட 9 × 0.0436 = 0.39 மி.மீ. கீழே இருக்கிறது. நீங்கள் ஹீலை 0.20 இறக்கினீர்கள். அப்படியென்றால் மையத்தில் ஷோல்டர் விளிம்புத் தளம் தகட்டுக்கு உள்ளே இல்லை, மேலே 0.19 உயரத்தில் நிற்கிறது. முன் விளிம்பு 0.58 உயரத்தில் பறக்கிறது.

பின் அந்த மையத்திலிருந்துதான் தொங்குகிறது. 5.70-ஐச் சாய்வுக்குத் திருத்தினால் 5.695. அதில் 0.19 காற்றில் போகிறது. நுனி 4 மி.மீ. தட்டை என்பதால் அதன் பின்விளிம்பு இன்னும் 2 × 0.0436 = 0.09 கீழே இறங்கும். கூட்டிக் கழித்தால் பின்னின் மிகத் தாழ்ந்த புள்ளி 5.59. அடியில் 0.41 மி.மீ. தொடப்படாமல் கிடக்கிறது. 6 மி.மீ. தகட்டில் 0.1 முதல் 0.2 வரை விட்டால் ரூட் வழக்கமாக மூடிக்கொள்ளும். 0.4 என்றால் பெண்டில் திறந்தே தீரும்.

தகட்டுக் கனத்தில் 0.3 கழித்தால் பின் நீளம் என்று ஒரு வாய்ப்பாடு புழக்கத்தில் இருக்கிறது. தட்டை ஷோல்டருக்கும் பூஜ்ய டில்ட்டுக்கும் சரிப்படும் கணக்கு அது. டில்ட் கொடுத்த கணமே அது பொய்யாகிவிடுகிறது. 2.5 டிகிரி, 18 மி.மீ. ஷோல்டர், ஹீல் 0.20, அடியில் 0.15 மிச்சம் வேண்டுமென்றால் உங்கள் பின் 5.95 இருக்க வேண்டும். பின்னா தகட்டின் கனமா என்று குழம்பும் அளவு நீளமாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

ஷோல்டர் விட்டத்தையோ டில்ட்டையோ மாற்றினால் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். 2.5-ஐ 3 டிகிரி ஆக்கினாலே மையம் இன்னும் 0.08 மேலே போய்விடும்.

#6 சுமைக்கலம்

இடப்புரி சொன்னதில் ஒரு இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு: "ஹீல் 0.20". அது நீங்கள் மெஷினிடம் கேட்டது. கிடைத்தது எவ்வளவு?

விசை மானி இல்லாமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வெல்டின் மேல் ஷோல்டர் விட்டுப்போன தடத்தின் அகலத்தை வெர்னியரில் அளங்கள். சாய்ந்த வட்டத்தை ஒரு தளத்தில் அழுத்தினால் அது வெட்டும் நாணின் நீளமே தட அகலம். உங்கள் 18 மி.மீ., 2.5 டிகிரிக்கு:

தடம் 12.0 என்றால் ஹீல் 0.10 ஆழம்
14.3 என்றால் 0.15
15.7 என்றால் 0.20
16.5 என்றால் 0.24
17.0 என்றால் 0.26
17.5 என்றால் 0.30

பிளாஷ் உதட்டைச் சேர்த்து அளக்காதீர்கள். வளைகோடுகள் முடியும் இடம்தான் விளிம்பு. முன்னால் குவியும் உலோகம் தடத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தும் என்பது உண்மை. ஆனாலும் ஒரே வெல்டில் இடத்துக்கு இடம் ஒப்பிட இதைவிட மலிவான கருவி கிடையாது. 50 மி.மீ.க்கு ஒரு அளவு எடுத்துப் போடுங்கள்.

#7 தகடு6

தொடக்கத்திலிருந்து 50 மி.மீ. இடைவெளியில்: 12.0, 14.3, 15.7, 16.5, 16.8, 17.0, 17.0, 17.0.

கேட்டது முழுக்க 0.20. இவ்வளவு மாறும் என்று நினைக்கவே இல்லை. ரூட் பெண்ட் துண்டுகளும் தொடக்கப் பகுதியில்தான் மோசமாகத் திறந்தன, கடைசியில் கொஞ்சம் தாக்குப்பிடித்தன.

#8 சுமைக்கலம்

இப்போது கதை தெளிவாகிவிட்டது. ஹீல் 0.10-இல் ஆரம்பித்து 0.26-இல் முடிகிறது. இரண்டு காரணங்கள், இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன.

ஒன்று, மெஷின் வளைகிறது. 6 மி.மீ. 6061-க்கு அச்சுவிசை சுமாராக 8 முதல் 12 கிலோநியூட்டன் வரும். ஒரு மில்லிங் மெஷினின் இசட் விறைப்பு மைக்ரானுக்கு 50 நியூட்டன் என்று வையுங்கள். 10 கிலோநியூட்டனுக்கு 0.2 மி.மீ. மேலே எழும்பிவிடும். திரையில் இசட் எண் அசையாது, ஏனென்றால் என்கோடர் அளப்பது பால் ஸ்க்ரூவை. டூல் நுனியை அல்ல. தகடு சூடாகி இளகினால் விசை குறையும், வளைந்த மெஷின் திரும்ப நிமிரும், டூல் தானாக உள்ளே போகும்.

இரண்டு, டூல் நீள்கிறது. ஹெச்13 ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 12 மைக்ரான் விரியும். ஹோல்டருக்கு வெளியே 60 மி.மீ. டூல், சராசரியாக 200 டிகிரி சூடேறினால் 0.14 மி.மீ. நீளும். போகப்போக ஹோல்டருக்கும் ஸ்பிண்டில் மூக்குக்கும் சூடு ஏறும்.

உங்கள் எண்களை இடப்புரியின் கணக்கில் போட்டால், 5.70 பின்னோடு தொடக்கத்தில் அடியில் 0.51 மிச்சம், கடைசியில் 0.35. இரண்டுமே தேறாது. பின்னை 5.95 ஆக்கினால் தொடக்கத்தில் 0.26, கடைசியில் 0.10. பின்னை மட்டும் மாற்றினால் தொடக்கப் பகுதி அப்போதும் திறக்கும் என்பது இப்போதே தெரிகிறது.

ஆகவே புரோகிராமில் இசட்டைச் சரிவாகக் கொடுங்கள். ஹீல் 0.30 இறக்கி ட்வெல். பிறகு முதல் 50 மி.மீ.க்குள் 0.05 உயர்த்துங்கள், அடுத்த 50-க்குள் 0.05, அதற்கடுத்த 50-க்குள் 0.04. மிச்சத்துக்கு சமம். ஆழத்தை மாற்றினால் விசையும் மாறும், விசை மாறினால் வளைவும் மாறும். அதனால் முதல் தடவையே துல்லியமாக வராது. தடத்தை அளந்து இன்னொரு தடவை திருத்தினால் 15.5-க்கும் 16.3-க்கும் நடுவில் நின்றுவிடும்.

ஒவ்வொரு வெல்டையும் டூல் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது தொடங்குங்கள். முந்தைய வெல்டின் சூடு ஆறாமல் அடுத்ததைத் தொடங்கினால் இந்தச் சரிவு முழுக்கத் தப்பாகும்.

#9 ஸ்பிண்டில்சாமி

இத்தனை கணக்கு எதுக்கு? ஸ்க்ரோல் ஷோல்டர் (முகத்துல சுருள் பள்ளம் வெட்டினது) போட்டா டில்ட்டே வேண்டாம். பின் 5.75, ஷோல்டர் 0.1 உள்ளே, மொத்தம் 5.85. ஒண்ணாங்கிளாஸ் கூட்டல்.

#10 இடப்புரி

கூட்டல் சரி. ஆனால் ஸ்க்ரோல் ஷோல்டர் ஆழத்தில் இன்னும் கறாரானது. சாய்ந்த குழிவு ஷோல்டரில் 0.1 ஏறி இறங்கினால் தட அகலம் மாறும், ஆனால் ஹீல் தொட்டுக்கொண்டே இருக்கும். தட்டை ஸ்க்ரோலில் 0.1 ஏறினால் ஷோல்டர் மொத்தமாகத் தகட்டை விட்டுப் போய்விடும். பின் மட்டும் மண்வெட்டி மாதிரி உழுதுகொண்டு போகும், மேலே பள்ளம். இவருடைய மெஷின் ஒரே ஓட்டத்தில் 0.16 மாறுகிறது. வளைந்த பாதை, மூலை திரும்புவது என்று இருந்தால் ஸ்க்ரோலுக்கு ஈடில்லை. 400 மி.மீ. நேர்க்கோட்டுக்கு, விசைக் கட்டுப்பாடு இல்லாத மெஷினில், சாய்ந்த குழிவு ஷோல்டரே மன்னிக்கும் குணம் உள்ளது.

தகடு6, இருக்கும் டூலையே திருத்தலாம். பின்னை நீட்ட முடியாது, ஷோல்டரைப் பின்வாங்க வைக்கலாம். 48 ஹெச்.ஆர்.சி.யை சி.பி.என். இன்செர்ட்டில் கடையலாம். ஆனால் விளிம்பை மட்டும் 0.25 சீவிவிடாதீர்கள், 2.4 மி.மீ. அகலத்துக்கு ஒரு தட்டை வளையம் உருவாகி, குழிவின் வேலையே போய்விடும். 6 டிகிரி சரிவை அப்படியே வைத்து முழு முகத்தையும் 0.25 உள்ளே தள்ளுங்கள். பின் ஷோல்டரைச் சந்திக்கும் மூலையில் 0.5 முதல் 1 மி.மீ. ரேடியஸ் கட்டாயம் இருக்கட்டும். பின்னுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை வளைவு திரும்புகிறது. நிமிடத்துக்கு ஆயிரம் தடவை. கூர்மூலை இருந்தால் களைப்பு விரிசல் அங்கேதான் பிறக்கும்.

அடுத்த டூல் செய்யும்போது இரண்டு துண்டாகச் செய்யுங்கள்: ஷோல்டர் தனி, பின் தனி, பின்னால் ஒரு கிரப் ஸ்க்ரூ. பின் நீளத்தை விருப்பப்படி வைத்துப் பூட்டலாம்.

வடிவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எம்03-இல், அதாவது மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும்போது, இடப்புரி மரைதான் உலோகத்தைக் கீழே தள்ளும். உங்களுடையது சரி. வலப்புரி போட்டால் டிரில் சீவலை மேலே இழுப்பதுபோல் உலோகம் ஷோல்டருக்கு ஏறும், அடி காலியாகும். டேப்பர் பின்னில் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று தட்டை முகம், 0.4 மி.மீ. ஆழத்துக்குத் தேய்த்தால் கலக்கல் கூடும். வேகத்தைக் கூட்டும்போது உதவும். கனமான தகடுகளுக்கு, முறையைக் கண்டுபிடித்த பிரிட்டனின் டிடபிள்யூஐ நிறுவனமே வேர்ல், டிரைஃப்ளூட் பின்களைக் கொண்டுவந்தது. பின் சுற்றும்போது பெருக்கிச் செல்லும் கனஅளவுக்கும் பின்னின் சொந்தக் கனஅளவுக்கும் உள்ள விகிதம் அங்கேதான் பேசப்படும்: 25 மி.மீ. தகட்டில் வெறும் உருளைக்கு 1.1, வேர்லுக்கு 1.8, டிரைஃப்ளூட்டுக்கு 2.6. 6 மி.மீ.க்கு அவ்வளவு தேவையில்லை.

மரையில் அலுமினியம் அடைத்துக்கொண்டால் கம்பி பிரஷால் சுரண்டாதீர்கள். 10 சதவீத காஸ்டிக் சோடா கரைசலில் ஊறப்போட்டால் அலுமினியம் நுரைத்துக் கரைந்துவிடும், ஹெச்13 அப்படியே இருக்கும். ஹைட்ரஜன் வெளியேறும், திறந்த இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். மூடி போட்ட டப்பா கூடவே கூடாது.

#11 மெருகுக்கண்

400 வேகத்தில் வந்த ஓட்டையைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது எந்தப் பக்கம்? டூல் உங்களை விட்டு விலகிப் போகும்படி நின்று பாருங்கள். எம்03 என்றால் இடது கைப் பக்கம் அட்வான்சிங் பக்கம், அதாவது பின்னின் சுற்றும் திசையும் பயணத் திசையும் ஒன்றாக இருக்கும் பக்கம். டனல் (வெல்டோடு நீளும் உள் ஓட்டை) பெரும்பாலும் அங்கேதான், பின்னின் கீழ்ப்பாதியில் இருக்கும். பின் அள்ளிக்கொண்டு போன உலோகம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து கடைசியாக மூட வேண்டிய இடம் அது. அழுத்தம் போதவில்லை என்றால் மூடாது.

இரண்டு குறைகளையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். ரூட் பிளவு: பின் எட்டவில்லை. டனல்: எட்டியது, ஆனால் குழியை நிரப்பவில்லை. மருந்து வேறு வேறு.

1000-க்கு 200 என்றால் ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. முன்னேற்றம். 400 என்றால் 0.4. அதே சுற்றில் இரண்டு மடங்கு உலோகத்தை நகர்த்தச் சொல்கிறீர்கள், சூடும் குறைகிறது. மேற்பரப்பு வளைகோடுகளின் இடைவெளியை லென்ஸ் வைத்து அளந்தால் இதே எண் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஃபீடோ ஸ்பிண்டிலோ சொன்னபடி ஓடவில்லை.

மேக்ரோ பார்க்க கெல்லர் கரைசல் தேவையில்லை. அதில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கிறது; தோலில் பட்டால் வலி தெரியுமுன் ஆழமாக இறங்கும். துண்டை 1200 எமரி வரை தேய்த்து, 60 டிகிரி சூட்டில் 10 சதவீத காஸ்டிக்கில் சில நிமிடம் வைத்து, கழுவி, நீர்த்த நைட்ரிக்கில் கரும்படலம் போகும்வரை முக்கினால் நக்கெட் (பின் கலக்கிய நடுப்பகுதி) வெங்காய வளையங்களோடு தெளிவாகத் தெரியும். அதில் அடியிலிருந்து மேல்நோக்கி எஸ் போல நெளிந்த மெல்லிய கோடு தெரிகிறதா பாருங்கள். அது பழைய ஆக்சைடு. ஓட்டையும் இல்லை, விரிசலும் இல்லை; எக்ஸ்ரேயில் மாட்டாது. ஆனால் ரூட்டில் போய் முடிந்தால் பெண்டில் அங்கேதான் பிரியும். கிஸ்ஸிங் பாண்ட் (தொட்டுக்கொண்டிருந்தும் ஒட்டாத இணைப்பு) என்பது இந்த வகைதான். சிசர் வெட்டு விளிம்போடு வெல்டு போடாதீர்கள். விளிம்பை மில் செய்து, பட்டைத்தாள் போட்டு, அசிட்டோனில் துடைத்து, அன்றைக்கே வெல்டு போடுங்கள்.

டை பெனட்ரன்ட் போடுவதாக இருந்தால் ரூட் முகத்தை மில் செய்த கையோடு போடாதீர்கள். அலுமினியம் இழுபட்டுப் பிளவின் வாயை மூடிவிடும். கொஞ்சம் காஸ்டிக்கில் எட்ச் செய்து வாயைத் திறந்த பிறகே சாயம் உள்ளே போகும்.

#12 தகடு6

ஓட்டை இடது பக்கம்தான், அடியிலிருந்து சுமார் 2 மி.மீ. உயரத்தில்.

ஷோல்டரைப் பின்வாங்கி பின் 5.95 ஆக்கியாகிவிட்டது. சுமைக்கலம் சொன்ன இசட் சரிவில் இரண்டாவது திருத்தத்துக்குப் பிறகு தட அகலம் 15.4 முதல் 16.2 வரை. 200 வேகத்தில் ரூட் பெண்ட் எல்லாம் பாஸ், முதல் 20 மி.மீ.யிலிருந்து எடுத்த துண்டு மட்டும் திறந்தது. இழுவிசைச் சோதனையில் வெல்டுக்கு வெளியே, சூடு பாதித்த பகுதியில் சாய்வாக அறுந்தது: 228 மெகாபாஸ்கல்.

400-க்குப் போக விசைக் கட்டுப்பாடு போட்டே ஆக வேண்டுமா? ஃபிக்ஸ்ச்சர் அடியில் லோட் செல் வைக்க முடியும்.

#13 மெருகுக்கண்

228 நல்ல எண். டி6 தகடு 310 பக்கம் இருக்கும்; இந்த முறையில் 6061-க்கு 70 முதல் 80 சதவீதம் எதிர்பார்க்கலாம். வெல்டுக்குப் பின் செயற்கை முதுமை (மிதமான சூட்டில் வைத்து வலுவேற்றுவது) கொடுத்தால் கொஞ்சம் மீளும். வெல்டுக்குள் அறுந்தால்தான் கவலை. முதல் 20 மி.மீ. குளிர்ந்த தொடக்கம், ரன்-ஆன் துண்டு வைத்து வெட்டி எறியுங்கள். முடிவிலும் பின் வெளியேறும் குழிக்கு ரன்-ஆஃப் துண்டு எப்படியும் வேண்டும்.

#14 சுமைக்கலம்

லோட் செல் வையுங்கள், ஆனால் முதலில் அளக்க மட்டும். கட்டுப்படுத்த அவசரப்படாதீர்கள்.

நாலு மூலைக்கு நாலு செல், அவற்றைக் கூட்டிக் காட்ட சம்மிங் பாக்ஸ். ஃபிக்ஸ்ச்சரின் பக்கவாட்டு கைடு எதுவும் செங்குத்து விசையைத் திருடக் கூடாது. இறுக்கிய போல்ட் ஒன்று பக்கத்தில் இருந்தால் பாதி விசை அது வழியே தரைக்குப் போய்விடும், செல் பொய் சொல்லும். அறிந்த எடையைத் தடத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் வைத்துச் சரிபாருங்கள்.

சிக்னலில் என்ன வரும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 1000 ஆர்.பி.எம். என்றால் 16.7 ஹெர்ட்ஸில் ஒரு அலை. அது டூலின் ரன்-அவுட் (மையம் விலகிச் சுற்றுவது). 0.05-க்கு மேல் ரன்-அவுட் இருந்தால் இது பெரிதாகத் தெரியும். மூன்று தட்டை முகம் போட்டால் 50 ஹெர்ட்ஸில் இன்னொன்று. கட்டுப்பாட்டுக்கு இவை குப்பை, 2 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டிக்கொள்ளுங்கள். ஆனால் கச்சா சிக்னலையும் தூக்கிப் போடாமல் சேமியுங்கள். உலோகம் ஒழுங்காக நிரம்பாதபோது விசையில் ஸ்பிண்டில் அதிர்வெண்ணுக்குக் கீழே தாறுமாறான ஏற்ற இறக்கம் வரும்.

நிஜ விசைக் கட்டுப்பாட்டுக்கு வரும்போது ஒழுங்கு இது. நிமிடத்துக்கு 5 முதல் 10 மி.மீ. வேகத்தில் பொசிஷனில் இறங்குங்கள். பின் நுழையும்போது ஒரு விசை முகடு வரும், பிறகு இளகிக் குறையும், ஷோல்டர் தொட்டதும் மறுபடி செங்குத்தாக ஏறும். முதல் முகட்டைப் பார்த்து விசைக்கு மாறிவிடும்படி எழுதினால் பாதி வழியில் நின்று அங்கேயே கடையும். ஆழ எல்லையையும் விசை எல்லையையும் சேர்த்தே நிபந்தனையாக வையுங்கள். ட்வெல் பொசிஷனில். பயணம் தொடங்கி 10, 15 மி.மீ. வரை ஃபீடை 50-இலிருந்து மெல்ல ஏற்றுங்கள். பின் முறிவது அதிகமும் இந்த இடத்தில்தான், முன்னால் உலோகம் இன்னும் குளிர்ந்திருக்கும். அப்புறம் விசைக்கு மாறுங்கள், மாறும் கணத்தில் இருந்த விசையிலிருந்தே இலக்குக்கு மெல்ல நகர்த்துங்கள்.

விசைக் கட்டுப்பாட்டின் ஆபத்து ஒன்று உண்டு, அதை விற்பவர்கள் சொல்வதில்லை. தகடு இளகினாலும், ஜாயின்ட்டில் இடைவெளி வந்தாலும் எதிர்விசை குறையும். கன்ட்ரோலர் குறைந்ததை ஈடுகட்ட டூலை இன்னும் அழுத்தும். அது இன்னும் இளகும். பேக்கிங் பிளேட் வரை போய்விடும். ஆகவே விசையைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்கு எல்லை வைப்பது கட்டாயம்: நிச்சயித்த ஆழத்திலிருந்து 0.1 மீறினால் நிறுத்து. கெயினையும் (பிழைக்கு எவ்வளவு பலமாகத் திருத்துவது என்ற அளவை) குறைத்தே வையுங்கள். 400 வேகத்தில் ஒரு வினாடிக்கு 6.7 மி.மீ. ஓடுகிறது, துள்ளும் கன்ட்ரோலர் அலை அலையான வெல்டைத்தான் தரும்.

சூட்டை அறிய ஸ்பிண்டில் சுமை போதும். டார்க் 25 நியூட்டன்-மீட்டர், 1000 ஆர்.பி.எம். என்றால் 2.6 கிலோவாட். 200 வேகத்தில் மி.மீ.க்கு சுமார் 785 ஜூல். 400-இல் டார்க் கொஞ்சம் ஏறினாலும் மி.மீ.க்கான சூடு 400 ஜூலைத் தாண்டி அதிகம் போகாது. ஸ்பிண்டில்சாமி சொன்ன 1400 இங்கே பொருந்தும், ஆனால் ஆர்.பி.எம். 40 சதவீதம் கூடினால் சூடும் 40 சதவீதம் கூடாது: உலோகம் இளகி டார்க் இறங்கிவிடும். முன்பு ரூட்டுக்காகக் கேட்டபோது அது தப்பு, இப்போது டனலுக்காக ஓரளவு சரி.

கடைசியாக மெஷின். கேட்டலாக்கை எடுத்து ஸ்பிண்டில் பேரிங்கின் அச்சுச்சுமை வரம்பைப் பாருங்கள். மில்லிங் ஸ்பிண்டில் பக்கவிசைக்காகப் பிறந்தது. 10 கிலோநியூட்டனைத் தினம் முழுக்கத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

#15 ஸ்பிண்டில்சாமி

ஓரளவு சரின்னு ஒத்துக்கிட்டதே போதும்.

தட்டை முகம், 1400-க்கு 400, ஒரு சுற்றுக்கு 0.29. அதுல டனல் போகலைன்னா ஹீலை 0.25 ஆக்கிப் பாருங்க. அப்போ பின் நுனியும் 0.05 இறங்கும், மிச்சம் 0.11. கணக்கு நானும் கத்துக்கிட்டேன்.

பேக்கிங் பிளேட்டை யாரும் சொல்லலை. அலுமினியத்துல போட்டா ரூட் சூட்டை உறிஞ்சிடும், மறுபடி ரூட் திறக்கும். ஸ்டெயின்லெஸ் சூட்டை வச்சிருக்கும். பக்கவாட்டு கிளாம்பும் முக்கியம்: பின் இறங்கும்போது ஆப்பு மாதிரி ரெண்டு தகட்டையும் பிரிக்கும். தகட்டுக் கனத்துல பத்துல ஒரு பங்கு, அதாவது 0.6 இடைவெளி வந்தா நிரப்ப உலோகமே இருக்காது.

#16 செம்புத்தகடு

குறுக்கே ஒரு கேள்வி. இதே டூலை 6 மி.மீ. செம்புக்குப் போடலாமா?

#17 இடப்புரி

சோதனைக்கு ஒன்றிரண்டு மீட்டர் ஓடும். செம்புக்குத் தேவையான சூட்டில் ஹெச்13 டெம்பரைத் தாண்டி மிருதுவாகும், பின் முறுக்கிக்கொள்ளும். செம்பு சூட்டையும் வேகமாகக் கடத்திவிடுவதால் ஆர்.பி.எம்.மைக் கூட்டி, பயணத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். டங்ஸ்டன் அடிப்படையிலான உலோகம் அல்லது நிக்கல் சூப்பர் அலாய் பக்கம் போங்கள். அணுக்கழிவுக்கான 5 செ.மீ. கனச் செப்புக் குடுவைகளுக்கு ஸ்வீடனின் அணுக்கழிவு நிறுவனமான எஸ்.கே.பி. பயன்படுத்தியது நிமோனிக் 105 என்ற நிக்கல் அலாய் பின். அங்கே டூலுக்குள் தெர்மோகப்பிள் வைத்து, வெப்பநிலையை வெளி வளையமாகவும் ஸ்பிண்டில் திறனை உள் வளையமாகவும் கட்டுப்படுத்தினார்கள். கனம் கூடக்கூட விசையைவிட வெப்பநிலையைப் பிடிப்பதே பலன் தரும்.

#18 தகடு6

1400, 400, மூன்று தட்டை முகம், ஹீல் 0.24. ஆறு மேக்ரோவில் ஐந்து சுத்தம். ஆறாவதில், 320 மி.மீ. அருகே, ஊசிமுனை அளவு டனல்.

#19 மெருகுக்கண்

ஐந்து சுத்தம் என்பது விளிம்பில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். கிளாம்ப் இடைவெளியில் ஒரு கால் மி.மீ. கூடினாலோ, அடுத்த கட்டுத் தகடு 5.9 கனத்தில் வந்தாலோ டனல் திரும்பும். பயண வேகத்தை 320-க்கு இறக்கி, அங்கிருந்து இரண்டு பக்கமும் 10 சதவீதம் தள்ளி மேக்ரோ எடுங்கள். மூன்றும் சுத்தமாக இருந்தால் அதை எழுதிவையுங்கள். ஐ.எஸ்.ஓ. 25239-இன் 4-ஆம் பகுதிப்படி செயல்முறையைத் தகுதிப்படுத்தப் போகிறீர்கள் என்றால் டூல் டிராயிங், டில்ட், பேக்கிங் பிளேட் உலோகம், கிளாம்ப் இடம் வரைக்கும் எல்லாம் அந்தத் தாளில் ஏறட்டும்.

#20 சுமைக்கலம்

5.9 தகடு என்றதும் ஞாபகம் வந்தது. 5.95 பின், ஹீல் 0.24 என்றால் 6.0 தகட்டில் மிச்சம் 0.12. 5.9 தகட்டில் 0.02. பின் பேக்கிங் பிளேட்டைத் தொடுவதற்குச் சமம். ஒவ்வொரு கட்டிலும் தகட்டை மைக்ரோமீட்டரில் அளந்து, கிரப் ஸ்க்ரூ டூல் வந்ததும் பின் நீளத்தை அதற்கேற்ப வையுங்கள்.

தொட்டதா என்று அறிய ரூட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தொடாத ரூட் மங்கலான ஒரே சாம்பல். தொட்ட இடத்தில் பேக்கிங் பிளேட்டின் எஃகுத் துகள் ஒட்டி, பிறை பிறையாகப் பளிச்சென்று மின்னும். ஒரு காந்தத்தைக் கட்டிய நூலைப் பக்கத்தில் கொண்டுபோனால் இலேசாக இழுக்கும்.